ஜூன் மாதத் தீ, அக்டோபர் மாதத் தீ

வடக்கு ஆஸ்திரேலியாவில் இன்றைக்கு எங்கெங்கே தீ எரிகிறது என்று காட்டும் செயற்கைக்கோள் வரைபடம் ஒன்று இணையத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். நான் முதல் தடவை பார்த்தது ஒரு ஜூன் மாதம். டார்வின் நகரத்துக்குக் கிழக்கே ஆர்னம் லேண்ட் என்ற பெரிய நிலப்பரப்பு முழுக்க அம்மை போட்டதுபோலப் புள்ளி புள்ளியாய்த் தீ. ஒரு சீமையே பற்றி எரிகிறது, செய்தியில் ஒரு வரிகூட வரவில்லையே என்று திகைத்துப் போனேன். அப்புறம் உட்கார்ந்து படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்தப் புள்ளிகளில் பெரும்பாலானவை அந்த மண்ணின் மக்களே நாள் பார்த்து, காற்றுப் பார்த்து, இடம் பார்த்து வைத்த தீ. அதே வரைபடத்தில் அக்டோபர் மாதம் ஒரே ஒரு புள்ளி தெரிந்து, மறுநாள் பார்க்கும்போது அது திட்டாக விரிந்து, அதற்கடுத்த நாள் ஒரு மாவட்டத்தை விழுங்கியிருந்தால், அதுதான் பயப்பட வேண்டிய தீ.

இந்த இரண்டு தீக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். காலநிலை மாற்றத்தைச் சமாளிக்கப் பூர்வகுடி அறிவு உதவும் என்று இப்போது எல்லா மாநாட்டிலும் சொல்கிறார்கள். 2015 பாரிஸ் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருக்கிறது. ஆனால் அந்த அறிவு என்றால் என்ன, அது எப்படி வேலை செய்கிறது, யார் கையில் இருக்கிறது என்று கேட்டால் பேச்சு மழுங்கிவிடும். உலகின் பல்லுயிர் வளத்தில் 80 சதவீதம் பூர்வகுடிகளின் நிலத்தில்தான் இருக்கிறது என்று ஒரு புள்ளிவிவரம் பல வருஷமாகச் சுற்றிக்கொண்டிருந்தது, ஐநா அறிக்கைகளில்கூட வந்தது. கடைசியில் 2024இல் ஆய்வாளர்களும் பூர்வகுடி அறிஞர்களும் சேர்ந்து, இதற்கு எந்த ஆதாரமும் இல்லை, எங்களுக்காக இப்படிப் பொய்க்கணக்குச் சொல்ல வேண்டாம் என்கிற தொனியில் நேச்சர் இதழில் எழுதினார்கள். நம்மூரில் வாட்ஸப்பில் வரும் ‘நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை’ ரகச் செய்திகளுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. புகழ்ந்துவிட்டால் கவனித்துப் பார்க்க வேண்டிய வேலை மிச்சமாகிவிடுகிறது, அவ்வளவுதான். அதனால் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

ஆர்னம் லேண்டில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை, மிச்ச மாதங்கள் வறட்சி. மழைக்காலத்தில் புல் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்கிறது, அதில் முக்கியமானது நம் சோளத்தின் காட்டு உறவு ஒன்று. மழை நின்றதும் அத்தனையும் காய்ந்து நிற்கும். அது எரியத்தான் போகிறது, மின்னலோ மனிதனோ யாரோ பற்றவைக்கத்தான் போகிறார்கள். எரியாமல் பார்த்துக்கொள்வது என்று ஒரு வழியே அங்கே கிடையாது. எப்போது எரிய வேண்டும் என்பதை மட்டும்தான் முடிவு செய்யலாம்.

அதை முடிவு செய்வதில்தான் அங்கேயுள்ள பினிஞ் மக்கள் கெட்டிக்காரர்கள். அந்தப் பகுதியில் மனிதர்கள் ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாமல் வாழ்ந்து வருகிறார்கள். வெள்ளைக்காரர்கள் மழைக்காலம், வறட்சிக்காலம் என்று இரண்டாகப் பிரித்ததை இவர்கள் ஆறு பருவமாகப் பிரிக்கிறார்கள். (நமக்கும் ஆறு பெரும்பொழுது உண்டு என்பதால் இது எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.) பங்கெர்ரெங் பருவத்தில் கடைசி இடிமழை அடித்து உயரமான புல்லைச் சாய்த்துப் போடும். அடுத்தது யெக்கே, மே, ஜூன் மாதங்கள். காலையில் மூடுபனி, இரவில் குளிர், தரையில் இன்னும் ஈரம். யூகலிப்டஸ் வகை மரமொன்று ஆரஞ்சு நிறத்தில் பூக்கத் தொடங்கும். அந்தப் பூவைப் பார்த்தால் எரிக்கத் தொடங்கலாம் என்று கணக்கு. நாள்காட்டியில் தேதி பார்த்து எரித்தால் ஒரு வருஷம் மழை பின்தங்கும்போது தப்பாகிவிடும். பூ அவ்வளவு எளிதில் தப்பாது, அது தேதியைப் பார்க்காமல் அந்த வருஷத்துப் பருவத்தைப் பார்த்து நடந்துகொள்கிறது.

எரிப்பதிலும் ஒரு வரிசை உண்டு. மேட்டு நிலத்துப் புல் முதலில் காயும், பள்ளத்துப் புல் பச்சையாகவே நிற்கும். முதலில் மேட்டில் வைக்கிறார்கள், தீ பள்ளத்து ஈரம் வரைக்கும் போய் அங்கேயே அணைந்துவிடும். சில வாரம் கழித்து அடுத்த தட்டு. அப்போது ஏற்கெனவே எரிந்த கரிந்த தரையே வேலியாகிவிடுகிறது. பகலில் வைத்த தீ சாயங்காலம் காற்று விழுந்ததும் தணியும், இரவுப் பனியில் அவிந்துவிடும். முழங்கால் உயரத்துக்கு மெல்ல ஊர்ந்து போகும் தீ அது, மரத்தின் தலைக்கு ஏறாது. பல்லியும் பாம்பும் நகர்ந்துகொள்ள நேரம் இருக்கும். எரிந்த இடத்தில் ஈரம் மிச்சமிருப்பதால் இரண்டு வாரத்தில் பசும்புல் தலைகாட்டும், கங்காரு மேய வரும், அதுவும் வேட்டைக்காரனின் கணக்கில் சேர்த்திதான். இப்படி வருஷா வருஷம் செய்தால் நிலம் ஒட்டுப்போட்ட துணிபோல ஆகிவிடும். போன மாதம் எரிந்தது, போன வருஷம் எரிந்தது, மூன்று வருஷமாக எரியாதது என்று துண்டு துண்டாக. குருங் பருவத்தில், அதாவது ஆகஸ்ட் தாண்டி வெக்கை ஏறிய பிறகு, எங்காவது தீ பிடித்தாலும் ஓடுவதற்கு வழி இருக்காது.

அன்பினிக் என்று ஒரு மரம் உண்டு, ஆர்னம் லேண்டில் கல்மேடு என்று சொல்லத்தக்க பாறைப் பீடபூமியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதது. பெருந்தீ அதற்கு ஆகாது. அதனால் அன்பினிக் தோப்புகளைச் சுற்றி முன்கூட்டியே சிறு தீ வைத்துக் காபந்து செய்கிறார்கள். யார் வைக்கலாம் என்பதற்கும் முறை இருக்கிறது. நிலம் தந்தைவழிக் குலத்துக்குச் சொந்தம், ஆனால் அந்த நிலத்தில் என்ன நடக்கிறது என்று மேற்பார்வை பார்க்கும் பொறுப்பு தாய்வழி உறவுக்காரர்களுக்கு, அவர்களுக்கு ஜுங்காய் என்று பெயர். ஒரு தீக்குச்சி உரசுவதற்கு முன் கேட்க வேண்டிய ஆட்கள் இத்தனை பேர். பூர்வகுடி அறிவு என்றதும் நாம் மூலிகை, பூ, பருவம் என்று இயற்கைக் குறிப்புகளை மட்டும் நினைக்கிறோம். பாதி அறிவு இந்த அனுமதி முறையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, இவ்வளவு நன்றாக நடந்துகொண்டிருந்தது எப்படிக் கெட்டது? யாரும் சட்டம் போட்டு அந்த மேட்டை எரிக்கக்கூடாது என்று தடுக்கவில்லை. ஆட்கள் போய்விட்டார்கள். மிஷன் குடியிருப்பு, ரேஷன், பள்ளிக்கூடம், எருமைத் தொழில், சுரங்கம் என்று ஒவ்வொன்றும் இழுக்க, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் கல்மேடு கிட்டத்தட்ட ஆளில்லாத நிலமாகிவிட்டது. ஆள் இல்லை என்றால் யெக்கே பருவத்தில் தீ வைக்க யாரும் இல்லை. மொத்தப் புல்லும் காய்ந்து நின்று, செப்டம்பர், அக்டோபரில் ஒரே தீயாகப் பற்றி வாரக்கணக்கில் எரிந்தது. தீயைத் தாங்காத சைப்ரஸ் பைன் மரங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து நின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது மனிதன் கால் படாத காடு. ஊர் பெரியவர்களுக்கோ அது பார்க்க ஆளில்லாமல் அநாதையாகிப்போன நிலம்.

பர்டயால் நட்ஜமெரெக் என்று ஒரு பெரியவர், 1926 வாக்கில் அந்த மேட்டில் பிறந்தவர், பேர்பெற்ற ஓவியர். வயதான காலத்தில் சொந்த நிலத்துக்குத் திரும்பிப் போய் கபுல்வர்னம்யோ என்ற இடத்தில் குடியிருப்பு அமைத்தார். அவரும் அவர் வயதை ஒத்தவர்களும் பழைய முறையில் எரிக்க வேண்டும் என்று சொன்னதை, அந்தப் பகுதியில் பல காலம் வேலை செய்த சில விஞ்ஞானிகள் காது கொடுத்துக் கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல் அளந்தும் பார்த்தார்கள். இங்கேதான் காலநிலைக் கணக்கு உள்ளே வருகிறது, இது கொஞ்சம் நுணுக்கமானது.

புல் எரிந்தால் கரியமில வாயு வரும். அது கணக்கில் சேராது, ஏனென்றால் அடுத்த மழைக்கு முளைக்கும் புல் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் எரியும்போது மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் சேர்ந்து வரும். இவற்றைப் புல் திரும்ப எடுத்துக்கொள்ளாது. நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும், நைட்ரஸ் ஆக்சைடு 270 மடங்கு அளவுக்கு. பருவத்தின் கடைசியில் வரும் தீ பரப்பிலும் அதிகம், உக்கிரத்திலும் அதிகம். புல்லோடு நிற்காமல் விழுந்து கிடக்கும் கட்டை, சருகு, கிளை என்று எல்லாவற்றையும் தின்றுவிடும். முன்கூட்டியே வைக்கும் தீயில் எரியும் சரக்கு குறைவு. ஆக, அதே நிலத்தில் பழைய முறையில் எரித்தால் மொத்தத்தில் வாயு குறைகிறது, எவ்வளவு என்று அளக்கவும் முடிகிறது.

அளக்க முடிந்தால் விற்கலாம், அதாவது வாயு வெளிவிடும் ஒரு நிறுவனம் தன் கணக்கை ஈடுகட்ட இந்தக் குறைப்புக்குப் பணம் தரலாம். 2006இல் மேற்கு ஆர்னம் லேண்டில் 28,000 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. டார்வினில் இயற்கை எரிவாயுவைத் திரவமாக்கும் ஆலையை நடத்திய கானோகோபிலிப்ஸ் நிறுவனம் 17 ஆண்டுகளுக்கு வருஷம் சுமார் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தரும், பூர்வகுடி ரேஞ்சர்கள் நிலத்தை எரித்து வருஷத்துக்கு 1,00,000 டன் கரியமில வாயுவுக்குச் சமமான அளவைக் குறைத்துக் காட்ட வேண்டும். முதல் ஏழு வருஷத்தில் முந்தைய பத்தாண்டுச் சராசரியைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைத்துவிட்டார்கள். 2012இல் இந்த முறையை அரசே கார்பன் கணக்கு முறைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. பிறகு வடக்கு ஆஸ்திரேலியா முழுக்க இப்படிப் பல திட்டங்கள் வந்துவிட்டன.

இதில் உறுத்தும் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பணம் கொடுத்தது ஒரு எரிவாயு நிறுவனம். அந்த ஆலை வெளிவிடும் வாயுவில் இந்த ஒரு லட்சம் டன் சிறு பங்குதான், அந்த எரிவாயுவை வாங்கியவர்கள் எரித்தது வேறு கணக்கு. பூர்வகுடிகளின் தீக்குச்சியில் ஒரு பெருநிறுவனம் கை கழுவிக்கொண்டது என்று யாராவது சொன்னால் மறுக்க என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தப் பணத்தில்தான் ஆட்கள் மேட்டுக்குத் திரும்பினார்கள் என்பதும் நிஜம். சம்பளத்தோடு ரேஞ்சர் வேலை வந்தது, 2015இல் கபுல்வர்னம்யோவிலேயே ஒரு பள்ளி வந்தது, பிள்ளைகளை நகரத்துக்கு அனுப்ப வேண்டிய கட்டாயம் குறைந்தது. இன்னொன்று, ஹெலிகாப்டர். நடந்துபோய் எரிப்பதோடு, எட்டாத பாறைப் பகுதிகளில் வானிலிருந்து பிங்பாங் பந்து மாதிரியான தீக்குளிகைகளைப் போடுகிறார்கள், பெரியவர்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து எங்கே போடலாம், எங்கே கூடாது என்று சொல்ல. நான் முதலில் சொன்ன செயற்கைக்கோள் வரைபடத்தைத் தினமும் பார்ப்பதும் இவர்கள்தான். ‘பாரம்பரியம்’ என்றால் கோவணமும் கோலும் என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம்.

இந்த ஏற்பாடு நடந்ததற்கு ஒரு முன்நிபந்தனை இருந்தது, அதை இந்தக் கதையைச் சொல்பவர்கள் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். 1976இல் வடக்குப் பிரதேசத்துக்கான நில உரிமைச் சட்டம் வந்தது, ஆர்னம் லேண்ட் சட்டப்படி பூர்வகுடிகளின் சொந்த நிலமானது. எரிவாயு நிறுவனம் நிலச் சொந்தக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டது. சொந்தக்காரர்களாக இல்லாமல் வெறும் ‘அறிவு உள்ளவர்களாக’ மட்டும் இருந்திருந்தால் யாராவது ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து பேட்டி எடுத்துக்கொண்டு போயிருப்பார், கதை அதோடு முடிந்திருக்கும்.

அப்படி முடிந்த கதை நமக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. சத்தியமங்கலம் காட்டுக்கு வடக்கே, கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் பிலிகிரிரங்கன் மலை. அங்கே இருப்பவர்கள் சோளகர்கள், நம் ஈரோடு மாவட்டத்து மலைகளிலும் இருப்பவர்கள்தான். அவர்கள் வருஷத்தின் தொடக்கத்தில், புல் முழுசாகக் காய்வதற்கு முன்னால் காட்டுத் தரையில் சிறு தீ வைப்பார்கள். அதற்குத் தரகு பெங்கி என்று பெயர். நம் தரகு வேறு, கன்னடத்தில் தரகு என்றால் சருகு, ஆகவே சருகுத் தீ. ஆர்னம் லேண்டுக்கும் இந்த மலைக்கும் ஒரு தொடர்பும் இல்லை, ஆனால் யோசனை அப்படியே ஒன்று: ஈரம் இருக்கும்போது கொஞ்சமாக எரித்துவிடு, வெயில் ஏறியபின் பெரிதாக எரியாது.

1974இல் அந்த மலை வனவிலங்குச் சரணாலயமானது. வேட்டை, காட்டெரிப்பு விவசாயம், தீ மூன்றும் தடை. உள்காட்டில் இருந்தவர்களைக் கொண்டுவந்து ஓரங்களில் குடியேற்றினார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, சரணாலயத்துக்குள் தீ வைப்பதை நேரடியாகவே குற்றம் என்கிறது. அதற்குப் பிறகு என்ன ஆனது என்று சோளகர்கள் சொல்வது இரண்டு விஷயம். ஒன்று, உண்ணிச்செடி காட்டை மூடிவிட்டது. ஆங்கிலேயர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலங்காரச் செடியாகக் கொண்டுவந்தது, இன்றைக்கு முதுமலை, சத்தியமங்கலம், பந்திப்பூர் என்று எங்கே போனாலும் சாலையோரத்தில் பூவும் காயுமாக நிற்கிறதே, அதேதான். சின்னக் கன்றாக இருக்கும்போது சருகுத் தீயில் கருகிப் போய்க்கொண்டிருந்தது, தீ நின்றதும் புதராகிவிட்டது என்கிறார்கள். இரண்டு, நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகிவிட்டது, அதையும் தீதான் மட்டுப்படுத்திக்கொண்டிருந்தது என்கிறார்கள். காட்டு நெல்லிக்காய் அவர்களுக்கு முக்கியமான வருமானம், ஆகவே இதை அவர்கள் கவனிக்காமல் இருக்க வாய்ப்பில்லை.

அந்த மலையில் நீண்டகாலம் கணக்கெடுத்த ஆய்வாளர்கள், 1997க்கும் 2008க்கும் இடையில் உண்ணிச்செடி இருக்கும் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கானதைப் பதிவு செய்திருக்கிறார்கள். காரணத்தில்தான் ஒரே பேச்சு இல்லை. தீயே உண்ணிச்செடிக்கு இடம் திறந்துவிடுகிறது, எரிந்த பிறகு அடிக்கட்டையிலிருந்து அது முதலில் துளிர்க்கிறது, புதர் பெருகப் பெருகத் தீயும் பெரிதாகிறது என்ற வாதமும் இருக்கிறது. எனக்கு இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானதாகத் தெரியவில்லை. ஒரு தரப்பு பேசுவது ஜனவரித் தீயை, இன்னொரு தரப்பு பேசுவது மார்ச், ஏப்ரல் தீயை. இரண்டையும் ‘காட்டுத் தீ’ என்ற ஒரே சொல்லில் போட்டு அடைத்ததில்தான் சிக்கல்.

இன்றைக்கு நிலைமை இன்னும் சிக்கல். ஐம்பது வருஷமாக எரியாமல் ஆள் உயரத்துக்கு உண்ணிப்புதர் நிற்கும் காட்டில் நாளைக்கே போய் சருகுத் தீ வைத்தால் அது சருகோடு நிற்காது, மரத்துக்கு ஏறிவிடும். முதலில் புதரை வெட்டி அகற்ற வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளுக்கோ எந்தத் தீயும் ஆகாது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேறப் போன 23 பேர் செத்தார்களே, அப்போது காய்ந்த புல் சரிவில் காற்றோடு தீ எவ்வளவு வேகமாக மேலேறும் என்று எல்லாருமே பார்த்தோம். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் தீப்பெட்டியோடு கிளம்ப வேண்டாம். ஆஸ்திரேலியாவிலேயே 2019-20 பெருந்தீயில் 33 பேர் இறந்து, 3,000க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்த பிறகு, வடக்கே செய்வதைத் தெற்கேயும் செய்யுங்கள் என்று பலர் கேட்டார்கள். தெற்குக் காடு வேறு, மழை வேறு, அங்கே நிலத்தை இழந்த பூர்வகுடிகளின் வரலாறும் வேறு. அங்கங்கே அந்தந்த ஊர்க்காரர்கள் சிறு அளவில் தொடங்கியிருக்கிறார்கள், அப்படித்தான் தொடங்கவும் முடியும்.

வடக்கிலும் எல்லாம் சுகமாக இல்லை. கம்பா என்று ஒரு ஆப்பிரிக்கப் புல், மாட்டுத் தீவனத்துக்காக 1930களில் கொண்டுவந்தது, நான்கு மீட்டர் வளர்கிறது, எரிந்தால் உள்ளூர்ப் புல்லைவிட எட்டு மடங்குவரை உக்கிரம். அந்தப் புல் நுழைந்த இடத்தில் பழைய கணக்கு எதுவும் செல்லாது. போதாததற்கு வெக்கை கூடிக்கொண்டே போகிறது. பாதுகாப்பாக எரிக்கத் தோதான குளிர்ந்த, ஈரமான நாட்கள் குறையக் குறைய, அதே வேலையைக் கொஞ்ச நாளில் முடிக்க வேண்டிவரும். பூவைப் பார்த்துப் பருவம் சொல்லும் அறிவு, பருவமே நகரத் தொடங்கினால் என்ன செய்யும்? பெரியவர் ஒருவர் சொன்னதை மனப்பாடம் செய்தவரால் ஒன்றும் செய்ய முடியாது. வருஷா வருஷம் நிலத்தில் நடந்து, போன வருஷத் தீ எங்கே நின்றது என்று பார்த்து, இந்த வருஷம் ஒரு வாரம் முன்னால் தொடங்கலாம் என்று தீர்மானிக்கிறவரால் முடியும். அதற்கு அவர் அந்த நிலத்தில் இருக்க வேண்டும், தீர்மானிக்கும் அதிகாரமும் கையில் இருக்க வேண்டும்.

பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்களுக்கு 2006 வன உரிமைச் சட்டத்தின்படி 2011இல் சமூக வன உரிமை கிடைத்தது. நாட்டிலேயே ஒரு புலிகள் காப்பகத்துக்குள் அப்படிக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. காட்டைப் பாதுகாக்க, நிர்வகிக்க உரிமை உண்டு என்று காகிதம் சொல்கிறது. தீ வைத்தால் குற்றம் என்று இன்னொரு காகிதம் சொல்கிறது. இரண்டும் செல்லுபடியாகும் சட்டம். இதற்கு நடுவில், ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி பிறந்ததும் இந்த மலைகளில் தீத்தடுப்புக் கோடு வெட்டவும் தீக்காவலுக்கும் வனத்துறை தினக்கூலிக்கு ஆள் எடுக்கிறது. வருபவர்களில் நிறையப் பேர் மலைக்கிராமத்துப் பையன்கள். பச்சிலைக் கொத்தை ஒடித்து அடித்துத் தீயை அணைப்பதில் அவர்களுக்கு நல்ல பழக்கம். தடை வந்த 1974இல் இருபது வயதில் சருகுக்குத் தீ வைத்துக்கொண்டிருந்த அவர்களுடைய தாத்தாக்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.